பசி என்று சொல்லத் தெரியாத குழந்தை: ஊட்டுவதா, விட்டுவிடுவதா?

கொன்றைப்பூ (சேலம்)

என் மகனுக்கு நான்கரை வயது. ரயில், டைனோசர், மழை என்று நாள் முழுவதும் ஓயாமல் பேசுகிறான். ஆனால் "அம்மா, பசிக்கிறது" என்று இதுவரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

காலையில் ஓர் இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நன்றாக மெல்லுவான், பிறகு வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். கைபேசியில் படம் ஓடினால் வாய் தானாகத் திறக்கிறது, விழுங்குகிறான். படத்தை நிறுத்தினால் வாயும் மூடிக்கொள்கிறது. ஒரு திருமண வீட்டில் கவனிக்க ஆளில்லாமல் பிற்பகல் மூன்று மணி வரை அவன் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டான். கேட்கவே இல்லை. தரையில் சுருண்டு படுத்துக்கொண்டு, தூக்க வந்த என் தம்பியை உதைத்தான். மோரும் இரண்டு வாய் சாதமும் உள்ளே போனதும் எழுந்து ஓடிப்போய் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்துகொண்டான்.

இன்னும் சிலவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளையாட்டில் இறங்கிவிட்டால் சிறுநீர் முட்டுவது தெரிவதில்லை; கடைசி நொடியில் ஓடுகிறான், பாதி நாள் நனைத்துவிடுகிறான். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தாலும் நாங்கள் காட்டிய பிறகுதான் குனிந்து பார்க்கிறான். இவற்றுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா?

கைபேசியைக் காட்டியாவது ஊட்டித்தான் ஆக வேண்டும் என்பது என் மாமியார் கட்சி. இரண்டு வேளை விட்டுவிட்டால் தானாக வருவான் என்பது எதிர் வீட்டு அக்காவின் கட்சி. எடையோ வளர்ச்சி வரைபடத்தின் கீழ்க்கோட்டை ஒட்டியே போகிறது. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிவகாமி பாட்டி (கும்பகோணம்)

கொன்றைப்பூ, நான் நான்கு பிள்ளைகளையும் ஆறு பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பிள்ளைக்கும் பொருந்தும். காலையில் பால், பதினோரு மணிக்கு பிஸ்கட், மூன்று மணிக்கு மறுபடியும் பால் என்று கொடுத்துவிட்டு, சோற்றைப் பார்த்தால் ஓடுகிறான் என்று சொல்லும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வயிறு காய்ந்தால் கை தட்டுக்குப் போகும். எதிர் வீட்டுப் பெண் சொல்வதுதான் சரி. கைபேசி வேண்டவே வேண்டாம் அம்மா.

கணக்கர் (சென்னை)

பாட்டி சொல்வதை வழிமொழிகிறேன். என் அண்ணன் மகன் வீட்டில் ஒரு தோசைக்கு மூன்று பேரைச் சுற்ற வைத்தவன். கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போய் மாமா பிள்ளைகளோடு இருந்தபோது பழைய சோற்றையும் விட்டுவைக்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப்பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நீலமலை (கோயம்புத்தூர்)

நான் குழந்தைகளோடு பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவள். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொன்றைப்பூ கேட்ட கேள்வியில் மிக முக்கியமானது கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன பகுதி. சிறுநீர் முட்டுவது தெரியவில்லை, அடிபட்டது தெரியவில்லை, பசிப்பது தெரியவில்லை. மூன்றுமே உடலுக்குள்ளிருந்து மூளைக்குப் போகும் செய்திகள். இந்தப் புலனுக்கு இன்டரோசெப்ஷன் என்று பெயர். உள்ளுடல் உணர்வு என்று சொல்லலாம். வெளியுலகைக் கண்ணும் காதும் அறிவதுபோல உடலின் உள்நிலையை அறியும் புலன்கள் உண்டு என்று பிரிட்டிஷ் நரம்பியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இலேயே வகைப்படுத்தினார்.

பசி எப்படித் தெரிகிறது? இரைப்பை காலியாகும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது. உணவு இறங்கும்போது இரைப்பைச் சுவர் விரிகிறது. அந்த விரிவை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது. குடலில் கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்ததும் போதும் என்று சொல்லும் வேறு ஹார்மோன்கள் சுரக்கின்றன. இவையெல்லாம் மூளையில் இன்சுலா என்ற பகுதிக்குப் போய்ச் சேரும்போதுதான் "எனக்குப் பசிக்கிறது", "எனக்குப் போதும்" என்று நாம் உணர்கிறோம். இந்த வழியில் எங்கே தடங்கல் வந்தாலும் குழந்தைக்குச் செய்தி வராது. அல்லது வேறு ஏதோ போல வரும்.

நான் பார்க்கும் குழந்தைகளில் சிலருக்குச் செய்தி மிக மெல்லியதாக வருகிறது. பசி முற்றிப்போன பிறகுதான் தெரிகிறது. சிலருக்கு அளவுக்கு மீறிப் பலமாக வருகிறது. நான்கு வாயிலேயே வயிறு வெடிப்பதாக உணர்கிறார்கள். இன்னும் சிலருக்குச் செய்தி வந்து சேர்கிறது, ஆனால் இன்னதென்று பிரித்தறிய முடிவதில்லை. பசியா, பயமா, வயிற்றுவலியா, மலம் வருகிறதா? எல்லாம் வயிற்றில் ஏதோ செய்கிறது என்ற ஒற்றை உணர்வாக நிற்கிறது. திருமண வீட்டில் சுருண்டு படுத்து உதைத்தான் என்றீர்களே, அது அவனுடைய பசியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போது உங்கள் வீட்டு இரண்டு கட்சிகளுக்கு வருகிறேன். பட்டினி போடு என்பவர்கள், பசி என்ற செய்தி அவனுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறார்கள். அது சேராத குழந்தை பட்டினியை அமைதியாகத் தாங்கிக்கொண்டு சோர்ந்துபோகும், தட்டைத் தேடி வராது. கைபேசியோடு ஊட்டு என்பவர்கள், செய்தி எப்படியிருந்தால் என்ன, வயிறு நிறைந்தால் போதும் என்கிறார்கள். எடை ஏறலாம். ஆனால் ஏற்கெனவே மெல்லியதாக வரும் செய்தியைக் கவனிக்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைக்காமல் போகிறது. அதனால் என் பதில் இரண்டு பக்கமும் இல்லை.

கணக்கர் (சென்னை)

மேலே எழுதியவரின் அறிவை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. உள்ளுடல் உணர்வை எப்படி அளக்கிறார்கள்? நாடியைத் தொடாமல் இதயத்துடிப்பை எண்ணச் சொல்லும் சோதனை 1981இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் உண்மையிலேயே துடிப்பை உணர்கிறாரா, அல்லது நிமிடத்துக்கு எழுபது என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஊகிக்கிறாரா என்றே அதில் பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே விமரிசித்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே இந்த நிலை. நான்கரை வயதுப் பிள்ளைக்கு எந்த அளவுகோல்? அளக்க முடியாததை எப்படிக் காரணம் என்று சொல்வது?

நீலமலை (கோயம்புத்தூர்)

நியாயமான கேள்வி. சிறு குழந்தைகளுக்கு இதற்கென்று ரத்தப் பரிசோதனை போன்ற ஒன்று கிடையாது. கவனிப்பதும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்பதும்தான் வழி. அதனால்தான் சாப்பாட்டை மட்டும் வைத்து நாங்கள் முடிவுக்கு வருவதில்லை. சிறுநீர், மலம், வலி, சூடு, களைப்பு, தூக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். ஒன்றில் மட்டும் சிக்கல் என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

உங்கள் அண்ணன் மகனைப் பற்றிச் சொன்னதும், பாட்டி சொன்னதும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியே. அமெரிக்காவில் லீன் பர்ச் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகள் வேளைக்கு வேளை சாப்பிடும் அளவு தாறுமாறாக மாறியது. ஆனால் ஒரு முழு நாளின் மொத்தத்தைக் கூட்டினால் பெரிய வேறுபாடு இல்லை. காலையில் குறைத்தவர்கள் பிற்பாடு ஈடுகட்டிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளின் உடல் தானே கணக்குப் பார்த்தது. அப்படிப்பட்ட குழந்தையைத் துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டிய தேவையே இல்லை.

என் கவலை எல்லாம் இந்தக் கணக்கு ஓடாத சிறுபான்மைக் குழந்தைகளைப் பற்றியது. மற்றவர்களுக்கு உதவும் அறிவுரை அவர்களை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

குழந்தைநலம் (மதுரை)

குழந்தை மருத்துவராக இதில் தலையிட வேண்டியிருக்கிறது. நரம்பு, மூளை என்று போவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

பசியின்மைக்குக் காரணமாக நான் அதிகம் பார்ப்பது மலச்சிக்கல். பெருங்குடலின் கடைப்பகுதியில் மலம் தேங்கினால் இரைப்பை காலியாவதும் மந்தமாகிறது. காலையில் சாப்பிட்டது நெடுநேரம் அங்கேயே நிற்கும். பசி எங்கிருந்து வரும்? "தினமும் போகிறான்" என்று பெற்றோர் சொல்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே உள்ளே நிறைய தேங்கியிருக்கும். உள்ளாடையில் கறை படிவதும், வயிற்றில் கெட்டியாகத் தட்டுப்படுவதும், நாள்கணக்கில் போகாமலிருந்து பிறகு பருமனாகப் போவதும் அடையாளங்கள். சிறுநீர் நனைவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. ஆகவே அந்த இரண்டு அறிகுறிகளையும் உள்ளுடல் உணர்வுக் கணக்கில் எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் பசி மந்தமாகிறது. பசி மந்தமானால் இரும்புச்சத்து இன்னும் குறைகிறது. பாலும் இதில் சேர்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிறும் நிறைகிறது, இரும்பும் கிடைப்பதில்லை. பாட்டி பாலைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

இவை தவிர, உணவு எதுக்களித்தல், சொத்தைப் பல், பெருத்த டான்சில், சில உணவு ஒவ்வாமைகள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை சாப்பிட மாட்டேன் என்று மட்டும்தான் சொல்லும்.

எடை குறைந்துகொண்டே போவது, தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் இருமுவது, அடிக்கடி நெஞ்சில் சளித்தொற்று வருவது, தொடர் வாந்தி, சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கே பதில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே நேரில் காட்டுங்கள்.

கொன்றைப்பூ, வரைபடத்தில் கீழ்க்கோட்டை ஒட்டிப் போவது மட்டுமே ஆபத்தில்லை. கோட்டை விட்டுச் சரிந்து இறங்குகிறதா என்று பாருங்கள்.

தனிவழி (பெங்களூரு)

நான் ஆட்டிசம் உள்ளவன், வயது முப்பத்தொன்று, மென்பொருள் துறையில் இருக்கிறேன். இந்த இழையில் பேசப்படும் குழந்தையின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எனக்குப் பசி வயிற்றில் வந்ததில்லை. மின்விசிறியின் சத்தம் தாங்க முடியாமல் போகும். அம்மா வழக்கமாகப் பேசுவதே கத்துவதுபோல் கேட்கும். சட்டையின் கழுத்துப் பட்டை குத்தும். பிறகு கோபம் வரும்; எதன் மேல் என்று தெரியாது. "சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான்" என்பார்கள். அந்த நேரத்தில் பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பொய் சொல்லவில்லை. எல்லோரும் எதைப் பசி என்கிறார்களோ அது எனக்குள் எங்கும் இல்லை.

நிறைவது மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டாவது இட்லியின் பாதியில் வயிற்றுக்குள் ஏதோ கெட்டியாகி நெஞ்சுவரை ஏறி நிற்கும். சரியாக அப்போதுதான் "அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்" என்று தொடங்குவார்கள். அந்தக் கடைசி வாய்கள் எல்லாம் எனக்குத் தண்டனையாகவே இருந்தன. அவர்களுக்கு அது அன்பு. அதை இன்று நான் முழுமையாக உணர்கிறேன், அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் தனியாக இருந்தபோது மயக்கம் போட்ட பிறகே ஒரு வழி கண்டேன். விரல் நுனி குளிர்ந்து, படிக்கும் வரி இரண்டாம் முறையும் மனதில் ஏறாமல் போனால் சாப்பிட வேண்டும். இது எனக்கான அடையாளம். கைபேசியில் மணி அடிக்கும்படியும் வைத்திருக்கிறேன். இன்னும் எனக்குப் பசி தெரியாது. ஆனால் சாப்பிட வேண்டிய நேரம் தெரியும்.

கொன்றைப்பூ, உங்கள் மகனின் அடையாளம் தரையில் சுருள்வதாக இருக்கலாம். அதற்கு முன்னால் வரும் சிறிய அடையாளம் ஒன்று கட்டாயம் இருக்கும். பேச்சு குறைகிறதா? காதைத் தேய்க்கிறானா? அதைக் கண்டுபிடித்து அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தெற்குவீதி (திருநெல்வேலி)

எங்கள் மகள் இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தவள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒத்திசைய ஏறத்தாழ முப்பத்துநான்கு வாரம் ஆகும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதுவரை மூக்குவழிக் குழாயில் பால். பிறகும் நுரையீரல் சிக்கலால் குழாய் தொடர்ந்தது. வீட்டுக்கும் குழாயோடுதான் வந்தாள்.

மணிக்கணக்குப்படி பால் இறங்கிக்கொண்டே இருக்கும். வயிறு காலியாவதே இல்லை; அதனால் பசி என்பது அவளுக்கு நேர்ந்ததே இல்லை. பசித்து, அழுது, வாயில் பால் வந்து, பசி தணிவது என்ற தொடர்பைப் பிற குழந்தைகள் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை கற்றுக்கொள்கின்றன. அவள் அதைக் கற்கவே இல்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சளி உறிஞ்சும் குழாயும் கன்னத்தில் ஒட்டும் பிளாஸ்திரியும்தான். ஒன்றரை வயதில் கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு குமட்டுவாள்.

குழாயை நிறுத்துவதற்கென்றே தனிச் சிகிச்சைமுறை இருக்கிறது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறார்கள். எங்கள் மருத்துவக் குழு அதே கருத்தில் சென்றது. குழாய்ப் பாலின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள், எடையையும் சிறுநீரையும் கண்காணித்தார்கள். முதன்முதலாக வயிறு காலியானபோது அவள் பயந்துபோய் அலறினாள். அது வலி என்று நாங்கள் துடித்தோம். செவிலியர் ஒருவர்தான், "இதுதான் சார் பசி, அவளுக்கு இது புதிது" என்றார். தட்டில் வைத்த அப்பளத்தின் ஓரத்தை நக்கியதுதான் அவள் தானாக வாய்க்குக் கொண்டுபோன முதல் உணவு. உப்புக்காக நக்கினாள், மெல்லவில்லை. அதற்கே நானும் என் மனைவியும் அழுதோம்.

யாரும் இதை வீட்டில் தாங்களாகச் செய்யக் கூடாது. எடை இறங்கும் கட்டம் ஒன்று கட்டாயம் வரும். அதற்கு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வன்னிக்காற்று (லண்டன்)

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மகளுக்கு ஏழு வயதில் பாடசாலையில் அப்பிள் துண்டு தொண்டையில் சிக்கிவிட்டது. ஆசிரியை முதுகில் தட்டி வெளியே எடுத்தார். உடம்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அன்று இரவு சோறு வேண்டாம் என்றாள், அடுத்த கிழமை புட்டும் வேண்டாம் என்றாள், ஒரு மாதத்துக்குள் சூப்பும் தயிரும் மட்டும் என்று ஆகிவிட்டது.

இங்குள்ள வைத்தியர்கள் இதை ஆர்ஃபிட் என்றார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலேயே உணவைத் தவிர்க்கும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 வகைப்பாட்டில்தான் இந்தப் பெயர் வந்தது. சிலருக்குப் பசியே குறைவு, சிலருக்கு மணமும் பதமும் ஒத்துவருவதில்லை, சிலருக்கு விக்கும், வாந்தி வரும் என்ற பயம். மகள் மூன்றாவது வகை.

பசி அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் தட்டின் முன்னே இருந்தவுடன் நெஞ்சு படபடக்கும், தொண்டை இறுகும். பயத்தால் வருகிற அந்த இறுக்கத்தையே அவள் சாப்பாடு அடைத்துக்கொண்டதாக உணர்ந்தாள். பயப்பட்டால் தொண்டை இறுகும், இறுகினால் இன்னும் பயம். இந்தச் சுற்றை அறுப்பதுதான் சிகிச்சையாக இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கச் செய்து, "இப்போதும் நெஞ்சு படபடக்கிறது, இது ஆபத்தா?" என்று கேட்பார்கள். வெறும் எச்சிலைத் தொடர்ந்து விழுங்கச் சொல்லி, தொண்டை எப்படி இறுகுகிறது என்று காட்டுவார்கள். குமட்டுவது வேறு, மூச்சு அடைப்பது வேறு என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்: குமட்டும்போது சத்தம் வரும், இருமல் வரும், உண்மையாக அடைத்தால் சத்தமே வராது. அதன் பிறகுதான் மென்மையான சாப்பாட்டிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போனோம்.

ஆகவே, உடம்பு சொல்வதைக் கேள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட முடியாது. என் பிள்ளை அளவுக்கு அதிகமாகக் கேட்டாள். கேட்டதற்குத் தவறான பொருள் கொண்டாள்.

சிவகாமி பாட்டி (கும்பகோணம்)

எல்லாவற்றையும் மருமகளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டேன். குழாய்ப் பிள்ளையின் கதையைக் கேட்டு மனம் கனத்துவிட்டது. தனிவழித் தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நடக்கச் சொல்லிக் கொடுக்கலாம், பேசச் சொல்லிக் கொடுக்கலாம். பசியை எப்படி அம்மா சொல்லிக் கொடுப்பது?

கொன்றைப்பூ (சேலம்)

பாட்டி கேட்டதைத்தான் நானும் கேட்க வந்தேன். மருத்துவரிடம் காட்டிவிட்டோம். மலம் தேங்கியிருந்தது உண்மை, மருந்து தொடங்கியிருக்கிறார். ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். சிறுநீர் நனைவது குறைந்துவிட்டது. ஆனால் பசி என்று இன்னும் சொல்லவில்லை, கன்னத்தில் அடக்குவதும் அப்படியே இருக்கிறது. தனிவழி சொன்ன பிறகு கவனித்தேன். சுருண்டு படுப்பதற்குச் சற்று முன்னால் பொம்மை ரயிலை ஓட்டுவதை நிறுத்திவிட்டு அதன் சக்கரத்தை மட்டும் விரலால் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

நீலமலை (கோயம்புத்தூர்)

அந்தச் சக்கரம் உங்களுக்குக் கிடைத்த பெரிய தகவல். அதைக் கண்டதும் "பசிக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அவனிடம் அதற்குப் பதில் இல்லை. "சக்கரத்தைச் சுற்றுகிறாய், உன் வயிறு காலியாகிவிட்டது போலிருக்கிறது, வா சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். பசி என்ற சொல் அவனுக்குள் நடக்கும் ஒன்றோடு ஒட்டிக்கொள்ள இதுதான் வழி. பாட்டி, உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு "வயிறு ஒட்டிப்போயிருக்கிறது, வா" என்று சொல்லித்தான் வளர்த்திருப்பீர்கள். இவனுக்கு அதையே கூடுதலாக, பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றைக் கவனிக்கப் பழக்கச் சாப்பாட்டு நேரம் ஏற்றதில்லை. அப்போது எல்லோரும் பதற்றமாக இருப்பீர்கள். விளையாட்டில் தொடங்குங்கள். குதித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பது, பானைத் தண்ணீர் தொண்டையில் எதுவரை குளிர்ச்சியாக இறங்குகிறது என்று விரலால் காட்டச் சொல்வது, வெந்நீரில் குளித்தபின் தோல் எப்படி இருக்கிறது என்று கேட்பது. நீங்களும் உங்கள் உடலைப் பற்றி அவன் காதுபடப் பேசுங்கள்: "என் வயிறு கடமுட என்கிறது, சோறு வேகும்வரை பொறுக்க முடியவில்லை."

உணவுக்கு நேர ஒழுங்கு மிக அவசியம். இரண்டரை மணி முதல் மூன்று மணி நேர இடைவெளியில் சாப்பாடோ சிற்றுண்டியோ. நடுவில் தண்ணீர் மட்டும். கொறித்துக்கொண்டே இருந்தால் காலியாவதும் நிறைவதும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாது. அரை மணி நேரம் ஆனதும், முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். என்ன, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் வகுத்துக் கொடுத்த இந்தப் பங்கீடு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பசி தெரியாத குழந்தைக்கு அதை அப்படியே விட்டுவிட முடியாது. எடையை மருத்துவர் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தேவைப்பட்டால் நெய், நிலக்கடலை, முட்டை என்று சிறிய அளவிலேயே சக்தி கூடிய உணவைத் தர வேண்டும். நிலக்கடலையை முழுதாகத் தர வேண்டாம், அரைத்தே கொடுங்கள்.

தட்டில் அவன் மறுக்காமல் சாப்பிடும் ஒன்று எப்போதும் இருக்கட்டும். கால் அந்தரத்தில் தொங்காமல் பலகையில் ஊன்றியிருக்கட்டும். கன்னத்தில் அடக்குவது தனிச் சங்கதி. வாயின் உணர்வும் நாக்கின் அசைவும் சம்பந்தப்பட்டது. அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வற்புறுத்தலைப் பற்றி ஒன்று. மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் சூப் கொடுத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. "குடித்து முடி" என்று நச்சரிக்கப்பட்டபோது அவர்கள் குறைவாகக் குடித்தார்கள், அந்தச் சூப்பைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். வயிற்றுச் செய்தி ஒழுங்காக வரும் குழந்தைகளிடமே இதுதான் விளைவு. கைபேசியையும் நாளையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தனிவழி (பெங்களூரு)

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். எனக்குச் சாப்பிடும்போது கையில் படக்கதைப் புத்தகம் இருக்க வேண்டும். சுற்றியுள்ள பாத்திர ஓசை, மற்றவர்கள் மெல்லும் ஓசை, குழம்பு மணம் எல்லாவற்றையும் அது மறைத்தது. அதைப் பிடுங்கிய நாள்களில் நான் ஒன்றுமே சாப்பிடவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கைபேசி எதை மறைக்கிறது என்று தெரியாமல் ஒரே நாளில் பறிக்காதீர்கள்.

நீலமலை (கோயம்புத்தூர்)

ஏற்கிறேன், தனிவழி. கொன்றைப்பூ, முதலில் சமையலறை மிக்ஸி, தொலைக்காட்சி, கூட்டம் இவற்றைக் குறைத்துப் பாருங்கள். நாளின் மிகச் சிறிய உணவு வேளை ஒன்றை, மாலைச் சிற்றுண்டியை எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் கைபேசி இல்லாமல் தொடங்குங்கள். மற்ற வேளைகள் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். எடை இறங்காதவரை மெதுவாகப் போவதில் தவறில்லை.

கணக்கர் (சென்னை)

ரத்தசோகையும் மலச்சிக்கலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்ட நிலையில், இவை சரியானதும் பசியும் வந்துவிடலாம் அல்லவா? அதுவரை காத்திருந்து பார்ப்பதுதானே முறை?

குழந்தைநலம் (மதுரை)

வரலாம். பல குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் நீலமலை சொன்ன நேர ஒழுங்கும் வற்புறுத்தாமையும் எந்தக் குழந்தைக்கும் தீங்கு செய்யாதவை. காத்திருக்கும் காலத்திலேயே செய்யலாம். குழந்தையின் பசி, நிறைவுக் குறிப்புகளுக்கு ஏற்ப உணவளிப்பதை உலக சுகாதார நிறுவனமும் 2023 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. அது ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கானது என்றாலும் கருத்து பொதுவானது. இரும்புச்சத்து மருந்தை ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிட வேண்டாம். உடலின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் தேவைப்படும். அந்த மருந்தே மலத்தை இறுக்கக்கூடும் என்பதால் மலச்சிக்கல் மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள்.

கொன்றைப்பூ (சேலம்)

மாலையில் அவல் பொரியும் வாழைப்பழமும் கைபேசி இல்லாமல் கொடுத்தோம். மாமியாரையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வயிறு கத்துகிறது என்று சொல்லச் சொன்னேன். அவர் அழகாகச் செய்தார். இவன் அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். பாதி வாழைப்பழம் போனது.

இப்போது பள்ளிதான் கவலை. எல்.கே.ஜி.யில் மதிய டப்பாவைக் காலி செய்தால்தான் விளையாட விடுகிறார்கள்; டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டுமாம். ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது?

கரும்பலகை (தஞ்சாவூர்)

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. முதலில் அரைக் கரண்டி மட்டும் வைக்கிறேன். இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் ஒரு முறை கேட்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். மிச்சம் வைப்பதும் குறைந்திருக்கிறது.

ஆசிரியர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். நாற்பது பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு நான்கு வரி போதும். நாட்குறிப்பில் இப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

"என் மகனுக்குப் பசியும் வயிறு நிறைவதும் சரியாகத் தெரிவதில்லை, சிகிச்சையில் இருக்கிறான். டப்பாவில் குறைவாகவே வைத்திருக்கிறேன். மீதம் இருந்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள், முடிக்கச் சொல்ல வேண்டாம். பொம்மையையோ பென்சிலையோ விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் தண்ணீரும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டுகிறேன். விளையாட்டு நேரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்."

மருத்துவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றையும் இணைத்துவிடுங்கள். பள்ளி நிர்வாகம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

கொன்றைப்பூ (சேலம்)

மிகவும் நன்றி டீச்சர். நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். கன்னத்தில் அடக்குவதை நேரில் பார்க்க, கட்டணம் அதிகம் இல்லாத இடம் ஏதாவது இருக்கிறதா, நீலமலை?

நீலமலை (கோயம்புத்தூர்)

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் கீழ் பதினெட்டு வயதுவரை கட்டணம் இல்லை. சென்னைக்கு வர முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. போகும்போது அவன் எளிதாகச் சாப்பிடும் உணவு ஒன்றும், கன்னத்தில் அடக்கும் உணவு ஒன்றும், வழக்கமான தட்டும் கரண்டியும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அவன் சாப்பிடுவதைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் வாயைத் திறக்காவிட்டால் அது உதவும்.